முரண்பட்ட செய்திகளும் முறையான முடிபும்

ஒரு பள்ளிப் பதிவேட்டில் மாணவன் ஒருவன் 2012-ஆம் ஆண்டில் பிறந்தான் என்று ஓரிடத்திலும், 2013-ஆம் ஆண்டில் பிறந்தான் என்று மற்றோரிடத்திலும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்க. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. ஆயினும், இப்பிழையைக் கண்டு அப்பதிவேடு முழுவதையும் தீயிலிட வேண்டும் என்று எந்தத் தலைமையாசிரியரும் கூறமாட்டார். ஏனைய மாணவர்களின் பெயரும் வயதும் வருகையும் அதில் செம்மையாகவே உள்ளன. பிழைபட்ட இடத்தில் ஒரு குறியிட்டு வைத்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ் வரும்வரை காத்திருப்பதே உலக வழக்கு.

மனிதர் இயல்பாகச் செய்யும் இந்த எளிய செயலை, நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வரும் அளவையியல் ஒப்புவதில்லை. அதன் விதிப்படி, ஒரே ஒரு முரண் புகுந்த தொகுப்பிலிருந்து எந்த முடிபையும் பெறலாம். எனவே அத்தொகுப்பு முழுவதும் பயனற்றது. ஏட்டைப் புரட்டுபவர் மனிதராக இருந்தவரை இவ்விதியால் பெருந்தீங்கு நேரவில்லை. இன்றோ மருத்துவமனைக் குறிப்பு, வங்கிக் கணக்கு, நிலப்பதிவு, நூலகப் பட்டியல் ஆகியவை கணினியில் அறிவுத் தொகுப்புகளாக அமைந்துவிட்டன. அவற்றிலிருந்து முடிபு காணும் பொறி, தனக்கு இடப்பட்ட விதியன்றி வேறொன்றும் அறியாது. ஆகவே, முரண்பட்ட செய்திகளை வைத்துக்கொண்டு முறையாகச் சிந்திப்பது எங்ஙனம் என்ற வினா, உயிரையும் உடைமையையும் தொடும் வினாவாகிவிட்டது.

மாறுகொளக் கூறல்

தமிழாசிரியர்களுக்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், நூலுக்கு ஆகாத குற்றம் பத்தனுள் மாறுகொளக் கூறலை ஒன்றாக எண்ணுகிறது. நன்னூலும் அவ்வாறே எண்ணும். ஒருவர் எழுதும் நூலில் முன்னர் ஒன்று கூறிப் பின்னர் அதற்கு மாறானதைக் கூறுதல் அவ்வாசிரியரின் குற்றமே. ஆனால், அறிவுத் தொகுப்பு என்பது ஒருவர் எழுதிய நூல் அன்று. பலர், பல காலங்களில், பல இடங்களிலிருந்து தந்த செய்திகள் அதில் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை நேர்மையாகவே எழுதியிருப்பினும் அவை தம்முள் மாறுபடக் கூடும்.

இதற்கு நெருங்கிய நிலை ஒன்றை மணிமேகலையின் 29-ஆம் காதையில் காணலாம். அங்கு அறவண அடிகள் அளவை நெறியை விளக்குமிடத்து, ஏதுப் போலிகளுள் விருத்த வியபிசாரி என ஒன்றை எடுத்துரைக்கிறார். ஒலி செயலால் தோன்றுவது. ஆதலின் குடத்தைப் போல் அழியும் என்று ஒருவர் நிறுவுகிறார். ஒலி செவியால் கேட்கப்படுவது. ஆதலின் ஒலித்தன்மையைப் போல் அழியாது என்று மற்றவர் நிறுவுகிறார். தனித்தனியே நோக்கின் இரண்டு ஏதுக்களும் தக்கனவாகவே தோன்றும். எதிரெதிரே வைத்தால் இரண்டு முடிபும் உறுதிப்படாமல் நின்றுவிடும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நெறி, ஒலியைப் பற்றிய அவ்வொரு வழக்கை மட்டுமே துணியப்படாததாக நிறுத்துகிறது. ஒலி வழக்குத் தீராமையால், புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதும் கெட்டது என்று அது கூறுவதில்லை. முரண் எழுந்த இடத்திற்குள்ளேயே முரணின் கேடு அடங்கிவிடுகிறது. மேலைநாட்டு மரபு அளவையியலிலோ நிலைமை வேறு.

ஒரு முரணால் எல்லாம் கெடுமாறு

அம்மரபில் ஒரு முரணிலிருந்து எதையும் நிறுவலாம் என்பதற்குரிய வழி மிகச் சுருக்கமானது. முற்கூறிய பதிவேட்டையே எடுத்துக்கொள்க. அதில், "மாணவன் 2012-இல் பிறந்தான்" என்று உள்ளது. ஒரு கூற்று உண்மையாயின், அதனோடு "அல்லது" என்று சேர்த்து வேறெதை உரைத்தாலும் முழுத்தொடரும் உண்மையே என்பது விதி. இரண்டனுள் ஒன்று மெய்யாக இருந்தால் போதும் அன்றோ? ஆகவே, "மாணவன் 2012-இல் பிறந்தான், அல்லது கிள்ளான் ஆறு மலைமேல் ஏறிப் பாய்கிறது" என்ற தொடரும் உண்மையாகிறது.

இனிப் பதிவேட்டின் மற்றோரிடத்தை நோக்குக. மாணவன் 2013-இல் பிறந்தான் என்றால் 2012-இல் பிறக்கவில்லை என்பது பெறப்படும். "இது அல்லது அது" என்ற இரண்டனுள் ஒன்று பொய்யாயின் மற்றது மெய்யாக வேண்டும் என்பதும் விதி. முதற்பகுதி இப்பொழுது பொய்யாயிற்று. ஆகவே, கிள்ளான் ஆறு மலைமேல் ஏறிப் பாய்கிறது! இதே முறையால், அது மலைமேல் ஏறிப் பாயவில்லை என்றும் நிறுவலாம். ஒவ்வொரு படியும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதியாகவே இருக்க, முடிபு மட்டும் பித்தர் பேச்சாகிவிடுகிறது.

12-ஆம் நூற்றாண்டில் பாரிசு மாநகர் அளவையியலார் நடுவே இவ்வழி அறியப்பட்டிருந்தது. சுவாசோன் ஊரினரான வில்லியம் என்பாரோடு ஆராய்ச்சியாளர் இதனைத் தொடர்புபடுத்துவர். அமெரிக்க அறிஞர் சி. ஐ. லூயிசு, லாங்ஃபோர்டு என்பவருடன் சேர்ந்து 1932-இல் வெளியிட்ட குறியீட்டு அளவையியல் நூலில் இதனை மீண்டும் தெளிவாக எடுத்துக்காட்டினார். இதனை அளவையியலார் வெடிப்பு விதி என்று வழங்குவர். ஒரு பொறி பட்டதும் கிடங்கு முழுவதும் வெடிப்பதைப் போல, ஒரு முரண் பட்டதும் தொகுப்பு முழுவதும் சிதறிவிடுவதால் இப்பெயர் பொருந்தும்.

கணிதப் புலவர் கண்ட வழி

முரணைப் பொறுத்துக்கொண்டு அறிவு வளர்ந்ததுண்டா எனின், உண்டு. அதற்குச் சிறந்த சான்று நுண்கணிதத்தின் வரலாறு. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே இக்கணிதத்தை உருவாக்கினர். மாறுகின்ற ஒன்றின் வேகத்தை அறிய, மிகமிகச் சிறிய ஓர் அளவை எடுத்துக்கொண்டு முதலில் அதனால் வகுப்பர். சுழியால் வகுத்தல் ஆகாதாகையால், அவ்வளவு சுழி அன்று என்றே அப்போது கொள்ள வேண்டும். கணக்கின் இறுதியிலோ அதே அளவை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவர். அப்போது அது சுழி ஆகிறது.

அயர்லாந்து நாட்டுச் சமய அறிஞர் பெர்க்லி 1734-இல் இம்முரணை வெளிப்படையாக எடுத்துக்காட்டிக் கணிதப் புலவரைக் கடிந்தார். அவர் கூறிய குறை மெய்யானதே. ஆயினும் கணிதப் புலவர் நுண்கணிதத்தைக் கைவிடவில்லை. பிரெஞ்சு அறிஞர் கிளேரோ, லலாந்து, லெப்போத்து அம்மையார் ஆகியோரின் துணையோடு, ஹாலி வால்மீன் திரும்பி வரும் காலத்தைக் கணித்தார். அது 1759 ஏப்ரல் நடுப்பகுதியில் ஞாயிற்றை மிக அண்மித்து வரும் என்றும், ஒரு திங்கள் முன்பின் ஆகலாம் என்றும் 1758-இல் அறிவித்தார். வால்மீன் 1759 மார்ச் 13-இல் அவ்விடத்தை அடைந்தது. முரண் பொதிந்த அடிப்படைமேல் நின்ற கணக்கு, வானத்தைச் சரியாகவே காட்டியது.

இஃது எவ்வாறு இயன்றது? கணிதப் புலவர் எவரும், "இவ்வளவு சுழி, இவ்வளவு சுழி அன்று, ஆகவே வால்மீன் நாளையே வரும்" என்று முடிபு கட்டவில்லை. சுழி அன்று என்ற கருத்தை முதற்படியிலும், சுழி என்ற கருத்தை இறுதிப்படியிலும் மட்டுமே பயன்படுத்தினர். முரண்பட்ட இரண்டையும் ஒரே படியில் கலக்க விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோஷி, வயர்ஸ்ட்ராஸ் ஆகியோர் எல்லை என்னும் கருத்தைச் செம்மைப்படுத்தி அம்முரணை நீக்கினர். அதுவரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம், முரணை அதன் இடத்தில் அடக்கி வைத்தே அக்கணிதம் வளர்ந்தது.

நால்வகை விடை

கணிதப் புலவர் பழக்கத்தால் செய்ததை விதியாக வகுத்துத் தரும் பணி 20-ஆம் நூற்றாண்டில் நடந்தது. போலந்து நாட்டு யாஸ்கோவ்ஸ்கி 1948-இலும், பிரேசில் நாட்டு நியூட்டன் ட கோஸ்டா 1963-இலும் முரணால் வெடிக்காத அளவை முறைகளை வெளியிட்டனர். பெரு நாட்டு மெய்யியலார் மிரோ கெசாடா 1976-இல் இத்துறைக்கு ஒரு பொதுப்பெயர் சூட்டினார். அதனை முரண் தாங்கும் அளவையியல் எனத் தமிழில் கூறலாம்.

கணினிக்கென்றே இதனை எளிமையாக அமைத்தவர் அமெரிக்க அறிஞர் நியூவல் பெல்னாப். கணினி எங்ஙனம் சிந்திக்க வேண்டும் என்ற பொருள்பற்றி 1977-இல் அவர் எழுதினார். கணினிக்குச் செய்தி தருவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் நம்பத்தக்கவர்களே. எனினும் ஒருவர் கூற்று மற்றவர் கூற்றோடு மாறுபடலாம். அந்நிலையில் ஒரு கூற்றைப் பற்றிக் கணினி, "மெய்யா, பொய்யா" என்று கேட்பதினும், "எனக்கு என்ன சொல்லப்பட்டது" என்று கேட்பது நன்று என்றார். அவ்வாறு கேட்டால் விடை நான்கு வகைப்படும். ஆம் என்று மட்டும் சொல்லப்பட்டது; இல்லை என்று மட்டும் சொல்லப்பட்டது; இரண்டும் சொல்லப்பட்டன; இரண்டும் சொல்லப்படவில்லை.

இதன் பயனைப் பதிவேட்டில் காண்க. "2012-இல் பிறந்தான்" என்ற கூற்று இங்கே "இரண்டும்" என்னும் நிலையைப் பெறும். ஆறு மலையேறும் என்பது "இல்லை" என்ற நிலையில் இருக்கும். "இது அல்லது அது, இது அன்று, ஆகவே அது" என்ற வழக்கு இப்போது செல்லாது. ஏனெனில், முதற்கூற்றை மறுக்கும் சான்று இருப்பினும் அதனை வலியுறுத்தும் சான்றும் உடன் நிற்கிறது. அக்கூற்று வீழ்ந்துவிடாமையால், அதன் இடத்தில் ஆற்றைப் பற்றிய கூற்றை ஏற்ற வழியில்லை. மற்ற மாணவர்களின் செய்திகளோ முன்போலவே தெளிவாக நிற்கின்றன.

மருத்துவக் குறிப்பில் இவ்வேறுபாடு உயிரைக் காப்பதாகும். ஒரு நோயாளிக்குப் பெனிசிலின் மருந்து ஒவ்வாது என்று ஒரு குறிப்பும், ஒவ்வாமை இல்லை என்று மற்றொரு குறிப்பும் இருப்பதாகக் கொள்க. பின்னர் எழுதப்பட்டதே செல்லும் என்பது பல கணினி அமைப்புகளின் எளிய விதி. அவ்விதியின்படி முதற்குறிப்பு ஓசையின்றி மறைந்துவிடலாம். மருத்துவர் ஐயமின்றி அம்மருந்தை அளித்துவிடலாம். நால்வகை விடை கூறும் தொகுப்போ, இரத்த வகையைக் கேட்டால் தெளிவான விடை தரும். பெனிசிலினைக் கேட்டால் "இரண்டும் சொல்லப்பட்டன" என்று எச்சரிக்கும். எச்சரிக்கையைக் கண்ட மருத்துவர் வேறு மருந்தை நாடலாம். அல்லது சோதித்துப் பார்க்கலாம். எதைச் செய்வது என்று முடிவு கட்டுவது அவர் பொறுப்பு. முடிவு கட்ட வேண்டிய இடம் இது என்று காட்டுவது தொகுப்பின் கடமை.

அறைகளாகப் பிரித்தல்

மற்றொரு வழி, முரண்பட்ட செய்திகளைத் தனித்தனி அறைகளில் வைத்துச் சிந்திப்பது. யாஸ்கோவ்ஸ்கி தம் முறையை ஓர் உரையாடலாகவே உருவகித்தார். அவையில் ஒருவர் ஒன்று கூறுகிறார்; மற்றவர் அதனை மறுக்கிறார். இரண்டும் அவையில் கூறப்பட்டன என்பது உண்மை. அதனால், இரண்டையும் சேர்த்து ஒருவரே கூறினார் என்றாகாது. அவரவர் கூற்றிலிருந்து அவரவர்க்குரிய முடிபைப் பெறலாம். இருவர் கூற்றையும் ஒன்றாகப் பிணைத்தல் கூடாது.

1970-இல் ரெஷர், மேனர் என்ற இருவர் இதனை மேலும் திருத்தமாக வகுத்தனர். தொகுப்பில் உள்ள கூற்றுகளுள், தம்முள் முரணாதவற்றை இயன்ற அளவு பெருந்தொகுதிகளாகத் திரட்ட வேண்டும். முற்கூறிய பதிவேட்டில், 2012 என்பதோடு பிற செய்திகள் யாவும் சேர்ந்து ஒரு தொகுதியாகும். 2013 என்பதோடு அதே செய்திகள் சேர்ந்து மற்றொரு தொகுதியாகும். எல்லாத் தொகுதிகளிலும் கிடைக்கும் முடிபு உறுதியானது. சிலவற்றில் மட்டும் கிடைப்பது ஐயத்திற்குரியது. மாணவன் பிறந்த ஆண்டு எது என்பது ஐயத்திற்குரியதே. ஆயினும், அவன் 2010-ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்தவன் என்பது இரண்டிலும் பெறப்படுவதால் ஐயமற்றது. முரண்பட்ட இரு செய்திகளிலிருந்தே உறுதியான ஒரு செய்தி கிடைப்பது இம்முறையின் சிறப்பு. 1999-இல் அரேனாஸ், பெர்த்தோசி, சோமிக்கி ஆகிய மூவர் இதனை ஒத்த கருத்தைத் தரவுத்தளங்களுக்கு ஏற்ப அமைத்துக் காட்டினர்.

இது நூலளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டக்ளஸ் லெனட் 1984-இல் சைக் என்னும் பெரிய அறிவுத் தொகுப்பைத் தொடங்கினார். உலகியல் அறிவு முழுவதையும் கணினிக்குக் கூற்றுகளாகத் தருவதே அதன் நோக்கம். தொகுப்பு வளர வளர, எல்லாக் கூற்றுகளையும் முரணின்றி ஒரே இடத்தில் வைத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று. டிராகுலா இரத்தம் குடிக்கும் பேய் என்பது கதையுலகில் உண்மை; அத்தகைய பேய் இல்லை என்பது நடைமுறையுலகில் உண்மை. எனவே, தொகுப்பு பல நுண்கோட்பாடுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு நுண்கோட்பாட்டிற்குள்ளும் முரண் கூடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே முரண் இருக்கலாம்.

சான்றின் பெயரை அழிக்கலாகாது

முரணைக் கண்டவுடன், பெரும்பான்மை எதுவோ அதனை ஏற்கலாம் எனச் சிலர் எண்ணுவர். இது தவறான வழியில் கொண்டுபோய் விடக்கூடும். ஒரு நூலில் உள்ள பிழையை மூவர் படியெடுத்து எழுதினால் சான்றுகள் நான்காகிவிடுவதில்லை. ஒன்றே நான்கு உருவில் நிற்கிறது. ஆகவே, செய்தியோடு அதனைத் தந்தவர் யார், எப்போது, எதைக் கண்டு தந்தார் என்பவையும் சேர்த்து வைக்கப்பட வேண்டும்.

2012-இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்னும் பொது அறிவுத் தொகுப்பு இம்முறையைக் கைக்கொண்டுள்ளது. ஒருவரின் பிறந்த நாள் குறித்து இரு நூல்கள் மாறுபட்டால், இரண்டு நாள்களையும் தத்தம் சான்றோடு அதில் பதியலாம். சிறந்ததெனக் கருதப்படுவதற்கு முதன்மைத் தரமும், பிழையெனத் தெரியவந்ததற்குத் தள்ளத்தக்க தரமும் அளிப்பர். தள்ளத்தக்கதையும் அழித்துவிடுவதில்லை, அழித்தால், நாளை மற்றொருவர் அதே பிழையைப் புதிய செய்தியாகக் கொண்டுவந்து சேர்ப்பார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கித் தமிழ் நூல்களைப் பதிப்பித்த சான்றோர், தாம் கொண்ட பாடத்தை மேலே நிறுத்திப் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பாகக் காட்டியதும் இத்தகைய பொறுப்புணர்ச்சியால் என்பதைத் தமிழறிந்தோர் உணர்வர்.

முரணைத் தீர்த்தே ஆகவேண்டிய காலமும் வரும். அப்போது எதனைக் கைவிடுவது? அர்ஜென்டினாவின் அல்சூரோன், சுவீடனின் யேர்டென்ஃபோர்ஸ், ஆஸ்திரேலியரான மேக்கின்சன் ஆகிய மூவர் 1985-இல் இதற்குரிய நெறிகளை வகுத்தனர். புதிய செய்தி வந்து பழையதோடு முரணினால், முரணைத் தீர்ப்பதற்கு வேண்டிய அளவே கைவிட வேண்டும்; தேவையின்றி ஒன்றையும் இழத்தல் ஆகாது என்பதே அவற்றின் உட்கருத்து. பிறப்புச் சான்றிதழ் வந்தபின் பதிவேட்டில் ஓர் ஆண்டு மட்டும் திருத்தப்படுவது இந்நெறிக்கு எடுத்துக்காட்டு.

இதற்குக் கொடுக்கும் விலை

முரண் தாங்கும் அளவையியலுக்கு விலை ஒன்றுண்டு. "இது அல்லது அது; இது அன்று; ஆகவே அது" என்ற வழக்கு அன்றாட வாழ்வில் மிகவும் பயன்படுவது. தொலைந்த திறவுகோல் மேசையில் உள்ளது, அல்லது சட்டைப்பையில் உள்ளது, மேசையில் இல்லை, ஆகவே சட்டைப்பையில் உள்ளது என்று சிறுவரும் முடிபு செய்வர். பெல்னாப்பின் முறையில் இவ்வழக்கை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு கையாளுதல் கூடாது. முரண் தீண்டாத இடத்தில் மட்டுமே அது பாதுகாப்பானது. வெடிப்பைத் தவிர்க்க வேண்டுமாயின், முடிபு காணும் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. இவ்விலை மிகுதி எனக் கருதும் அறிஞரும் உளர். அவர்கள் முதலில் முரணை நீக்கிவிட்டுப் பின்னர் மரபு விதிகளைக் கையாளலாம் என்பர்.

மேலும், முரணைத் தாங்குவது வேறு. முரணை உண்மையென ஏற்பது வேறு. "இரண்டும் சொல்லப்பட்டன" என்பது, இரண்டும் மெய் என்று பொருள்படாது. மாணவன் ஓராண்டில்தான் பிறந்தான். மருந்து ஒவ்வும் அல்லது ஒவ்வாது. எது மெய் என்று தேடும் கடமை அப்படியே நிற்கிறது. தேடி முடிக்கும்வரை ஏனைய அறிவு கெடாமல் காப்பதே இந்த அளவையியலின் பணி.

ஆசிரியர் கருதத்தக்கவை

இன்றைய மாணவர் ஒரே பொருளைப் பற்றிப் பாடநூலில் ஒன்றும், கணினித் திரையில் வேறொன்றும் படிக்கின்றனர். இரண்டு ஆண்டுகள் மாறுபடக் கண்டவுடன், "வரலாறே பொய்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவது ஒரு தீங்கு. "அவரவர்க்கு அவரவர் உண்மை" என்று இரண்டையும் ஒப்புக்கொண்டு வாளாவிருப்பது மற்றொரு தீங்கு. இறுதியாகக் கண்ணிற்பட்டதை எழுதிவிட்டு முதலில் கண்டதை மறந்துவிடுவது இவ்விரண்டினும் கொடிது. அங்கே முரண் இருந்ததென்பதே தெரியாமற் போகிறது.

இம்மூன்றையும் தவிர்க்க மாணவரைப் பழக்குவது கடினமன்று. முரண்பட்ட இரு செய்திகளைக் கரும்பலகையில் எழுதி மூன்று வினாக்களை எழுப்பலாம். இவற்றை யார் யார், எதைக் கண்டு சொன்னார்கள்? இவற்றுள் எது மெய்யாயினும் மாறாமல் நிற்பது எது? இதனைத் தீர்க்க எந்தச் சான்றைத் தேட வேண்டும்? முதல் வினா சான்றை மதிக்கக் கற்பிக்கும். இரண்டாவது, ஐயத்திற்கு நடுவிலும் உறுதியானதைப் பற்றிக்கொள்ளக் கற்பிக்கும். மூன்றாவது, சோம்பியிராமல் ஆராயத் தூண்டும். கணினிகளுக்கு இவ்வொழுக்கத்தைக் கற்பிக்க அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துள்ளனர். நாளை அக்கணினிகளின் விடையைப் படித்து முடிவு செய்ய வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே; அவர்களுக்கும் அதனைக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.